உள்ளங்கைச் சீனி

2020 ஆகஸ்ட் தேர்தலுக்கு முந்தின வாரம் பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டிமேல் இன்னொன்று. மேலே ஒட்டியிருந்ததும் டெலிபோன் சின்னம், அடியில் கிழிந்து தொங்கியதும் டெலிபோன் சின்னம், வேட்பாளர் இலக்கம்தான் வேறு. நாலடி தள்ளி மொட்டுச் சின்னத்துக்கும் அதே கதி. 1989 தேர்தலில் விருப்பு வாக்கு வந்ததிலிருந்தே இப்படித்தான். எதிர்க்கட்சிக்காரன் வாக்கு எப்படியும் தனக்குக் கிடைக்காது. பிடுங்குவதென்றால் தன் பட்டியலில் பக்கத்தில் நிற்பவனிடம்தான் பிடுங்க வேண்டும். ஆளுக்கு மூன்று விருப்பு இருக்கிறதே, ஒன்றை எனக்குப் போட்டு மற்றதை அவருக்கும் போடுங்கள் என்று சொன்ன வேட்பாளரை நான் இதுவரை கண்டதில்லை.

தேத்தண்ணிக் கடையில் பிளேன்டி சொன்னேன். பையன் சீனியைப் போட்டுக் கலக்கியே கொண்டுவந்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்தில் சீனி உள்ளங்கைக்குத்தான் வரும். அம்மா சீனிப் போத்தலைக் கொண்டுவருவாள். கையை நீட்ட வேண்டும். நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மாமா வருவார், அம்மாவின் அண்ணன். அப்பா தோட்டக் கமிட்டித் தலைவர், மாமா செயலாளர். இரண்டு பேரும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். ஒரே சந்தா. ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போக மாட்டார்கள்.

1978-ல் எங்கள் சங்கத் தலைவர் தொண்டமான் ஜே.ஆர். அரசாங்கத்தில் அமைச்சரானார். அந்த மாதம் முழுக்க எங்கள் குப்பிலாம்பு அணையவில்லை. "வெளிய நின்னு கத்தி என்னா கண்டோம் மச்சான்? முப்பது வருஷம் போச்சு," என்பார் அப்பா. "வாக்கைப் பறிச்சவன் வீட்டுக்கே விருந்துக்குப் போறதா?" என்பார் மாமா. 1947-ல் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு 7 பேர் பாராளுமன்றம் போனார்கள், பதுளைக்கு எஸ். எம். சுப்பையா. அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்தது ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சி. மாமா இந்தக் கணக்கை ஒப்பித்து முடிக்கும்வரை அப்பா குறுக்கே பேசமாட்டார். பீடிதான் மளமளவென்று தீரும். அம்மாவிடம் மட்டும் ஒருவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவள் சம்பளத்திலும் அதே சந்தாவைத்தான் வெட்டினார்கள்.

அப்பாவும் மாமாவும் அவ்வளவு பதனமாகப் பேசியதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. 1955-ல் சங்கத் தலைவர்கள் தொண்டமானும் அஸீஸும் பிரிந்தார்கள். மறுவருஷம் அஸீஸின் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ். கொழும்பில் பிரிந்தது இரண்டு தலைவர்கள். எங்கள் தோட்டத்தில் பிரிந்தது பீலிக்கரை. காலையில் ஒரு சங்கத்துப் பெண்கள் குடம் பிடித்து முடியும்வரை மற்றச் சங்கத்துப் பெண்கள் ஏறி வரமாட்டார்களாம். தாத்தா அஸீஸ் பக்கம் போனார், அவருடைய தம்பி போகவில்லை. தாத்தா செத்தபோது தம்பி லயத்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார், பாடைக்குத் தோள் கொடுக்கவில்லை. அப்பா இதை எனக்கு இரண்டே தடவைதான் சொல்லியிருப்பார். இரண்டு தடவையும் பாதியில் எழுந்து போய்விட்டார்.

1983 ஜூலைக் கடைசியில் பதுளை டவுன் எரிந்தது. நாங்கள் தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டோம். அடிச்செடி காலைக் கிழிக்கிறது, கீழே டவுன் பக்கம் வானம் சிவந்து கிடக்கிறது, யாரோ குழந்தையின் வாயைப் பொத்துகிறார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் மாமா. நம் ஆள் அமைச்சராக இருக்கிற அரசாங்கத்தில்தான் இது நடக்கிறது. ஐந்து வருஷமாக மாமா சொல்லிக்கொண்டிருந்தது கண்ணெதிரே எரிகிறது. சொல்ல ஒரு வாக்கியம் போதும். அப்பா அதற்காகவே காத்திருந்த மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பீடி இருக்கா மச்சான்?" என்றார் மாமா.

"வெளிச்சம் தெரியும்," என்றார் அப்பா.

"அதுவும் சரிதான்."

அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை மாமா எடுக்கவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன்.

அப்பாவால் அப்படி இருக்க முடியவில்லை. 1988 சட்டத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு வழி பிறந்த அன்று அவர் சாராயம் குடிக்காமலே ஆடினார். மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பார்த்தியா, உள்ள போனதாலதானே!" என்றார். மாமா உட்கார்ந்தார். "அமைச்சர் நாற்காலியா வாங்கித் தந்துச்சு? 86 பொங்கலுக்கு வேலைக்குப் போகாம கோயில்ல உட்கார்ந்து கும்பிட்டோமே, அது வாங்கித் தந்துச்சு." அந்தப் பிரார்த்தனை இயக்கத்தை நடத்தியதும் தொண்டமான்தான் என்று அப்பா மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை. அம்மா சீனிப் போத்தலோடு வந்தாள். மாமா கையை நீட்டவில்லை. வெறும் சாயத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துவைத்துப் போனார்.

மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் பிரட்டுக் கலைந்ததும் அப்பா இரண்டு லயம் இறங்கிப் போனார். போய் என்ன பேசினாரோ தெரியாது. கமிட்டிக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் போனதாக அம்மாவிடம் சொன்னார். அன்று இரவு எட்டு மணிக்கு மாமா வந்தார், கையை நீட்டினார். அம்மா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் சம்பளப் பேச்சுவார்த்தையில் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

அந்த 2020 தேர்தலில் பதுளையின் 9 ஆசனத்தில் டெலிபோனுக்கு 3. அதில் வடிவேல் சுரேஷ், அரவிந்த்குமார் என்று இரண்டு தமிழர். அக்டோபரில் அரசாங்கத்தின் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அரவிந்த்குமார் ஆதரவாக வாக்களிக்க, அவருடைய தமிழ் முற்போக்குக் கூட்டணி அவரை விலக்கிவைத்தது. மக்கள் ஆணையை மீறினால் கட்சி கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செய்தி வந்த மறுநாள் எங்கள் தோட்டத்தில் இரண்டு வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார்கள் என்று தங்கை போனில் சொன்னபோது, முதலில் நினைவுக்கு வந்தது பீலிதான். இப்போது வீட்டுக்கு வீடு குழாய். யாரும் யாருக்காகவும் குடத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று பஸ் நிலையத்தில் பையனிடம் இன்னொரு பிளேன்டி கேட்டேன், சீனி போடாமல். கொண்டுவந்து வைத்தான். கையை நீட்டினேன். அவனுக்குப் புரியவில்லை; மிச்சக்காசுக்கு என்று நினைத்து இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போனான்.