ஆலோசனைக்கு வலு வேண்டும்

நாக்பூர் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரிக்கு நிலைய அலுவலர் பயிற்சிக்காகப் போனபோதுதான், இந்தியாவில் தீயணைப்பு என்பது ஒரே துறை இல்லை என்பது எனக்கு உறைத்தது. விடுதியில் என்னோடு தங்கியவர் வேறொரு மாநிலத்தின் நகராட்சித் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர். சம்பளமும் பதவி உயர்வும் அவருக்கு நகராட்சியின் கையில். வண்டிக்கு டயர் மாற்றக்கூட மன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். நான் வந்ததோ மாநிலத் துறையிலிருந்து. தலைமையில் ஐ.பி.எஸ். அதிகாரி, கையில் 1985-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம். ஒரே புத்தகத்தைப் படித்தோம், ஒரே ஏணியில் ஏறினோம். ஊருக்குத் திரும்பியதும் அவரவர் உலகம் வேறு.

இந்தத் தனித்தனித் துறைகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அவை இருக்கிறது என்பதையும் அங்கேதான் படித்தேன். மத்திய உள்துறை அமைச்சகம் 1955-ல் அமைத்த தீயணைப்பு நிலை ஆலோசனைக் குழு அது. 1980-ல் அதன் பெயர் கவுன்சில் என்று மாறியது. மாநிலத் தீயணைப்புத் துறைகளின் பிரதிநிதிகளோடு பாதுகாப்பு, போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சகங்களும் தர நிர்ணய அமைவனமும் அதில் உட்காரும். ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பம்ப், மூன்று லட்சத்தைத் தாண்டினால் கூடுதலாக ஒவ்வொரு லட்சத்துக்கும் ஒன்று, கிராமம் என்றால் அழைப்பு வந்த 20 நிமிடத்தில் வண்டி போய் நிற்க வேண்டும் என்றெல்லாம் அளவு வகுத்தது அந்த அவைதான். நல்ல அளவுகள். இன்றைக்கும் அவற்றை மதிக்கிறேன்.

ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் அந்த அளவுகளை ஆதாரமாகக் காட்டி, என் எல்லையில் இருந்த ஒரு வட்டத்துக்குப் புது நிலையம் கேட்டுக் கோப்பு எழுதினேன். மக்கள்தொகை, சாலைத் தூரம், தீ அழைப்புப் பதிவேட்டின் நகல், வழியில் குறுக்கிடும் ரயில்வே கேட் என்று எதையும் விடவில்லை. கேட் மூடியிருந்தால் டேங்கில் தண்ணீரும் வண்டியில் ஆட்களுமாக நாங்கள் இந்தப் பக்கம் நிற்போம், அந்தப் பக்கம் வைக்கோல்போர் எரிவது கண்ணுக்குத் தெரியும். கோப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: மேற்படி அளவுகள் ஆலோசனைத் தன்மை உடையவை, நிதிநிலைக்கு ஏற்பப் பின்னர் பரிசீலிக்கலாம். பலநாள் மனம் ஆறவில்லை. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது குறிப்பு எழுதியவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலிலும் சேர்த்தது. கவுன்சில் சொல்வதை ஏற்கும் கடமை யாருக்கும் இல்லை. ஏற்காவிட்டால் காரணம் சொல்லும் கடமையும் இல்லை. இந்த இரண்டாவது குறைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மத்திய அரசு 1958-ல் ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது, 2019-ல் இன்னொன்றை அனுப்பியது. இடையில் அறுபது ஆண்டுகள்.

கும்பகோணத்தை நினைக்காமல் இதை எழுத முடியாது. 2004 ஜூலை 16 அன்று கூரை வேய்ந்த வகுப்பறைகளில் 94 குழந்தைகள் கருகினார்கள். பள்ளிகளின் தீப்பாதுகாப்புக்கு நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் உத்தரவு 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது; அதுவும் ஒருவர் பொதுநல வழக்குப் போட்டதால். தீயணைப்புக் கருவி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கட்டட விதிகள் என்று அதில் சொன்னவற்றில் எங்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. முன்பு பள்ளிகளில் இதையே சொன்னால், “நிர்வாகத்துக்கு எழுதியிருக்கோம் சார்” என்பார்கள். தீர்ப்புக்குப் பிறகு ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரு தலைமையாசிரியை தாமே எழுந்து வந்து, “கோர்ட் உத்தரவாமே சார், என்னென்ன வாங்கணும்னு எழுதிக் கொடுங்க” என்றார். சுவரில் மாட்டியிருந்த பழைய கருவியை இறக்கிப் பார்த்தேன். பின் துருப்பிடித்து இழுக்க வரவில்லை. அத்தனை காலமும் அது அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பணமும் வேலை செய்யும். 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 2023-ல் மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதில் 500 கோடியைச் சட்டத்தையும் அமைப்பையும் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக ஒதுக்கினார்கள். சரியான பாதை என்பேன். ஆனால் திட்டத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு. அவைக்கு இருக்கக் கூடாது.

ஆகவே அந்தக் கவுன்சிலை நாடாளுமன்றச் சட்டத்தின் மேல் நிறுத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. “மாநில உரிமையில் டெல்லி கைவைக்கலாமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. முடிவு மாநிலத்திடமே இருக்கட்டும். ஒரு பரிந்துரையை ஏற்கவில்லையென்றால் ஏன் என்று குறித்த காலத்துக்குள் எழுத்தில் சொல்லி, அதைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். என் வட்டத்துக்கு நிலையம் ஏன் வரவில்லை என்பதை அந்த ஊர் எம்.எல்.ஏ.வாவது படித்திருப்பார். கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

உட்காருபவர்கள் விஷயமும் இருக்கிறது. பல மாநிலங்களில் துறைத் தலைவர் மாற்றலில் வந்து மாற்றலில் போகிறவர். துறையின் நெளிவுசுளிவு பிடிபடும்போது வேறு பதவிக்குப் போய்விடுகிறார். உறுப்பினருக்கு நிலையான பதவிக்காலம் வேண்டும். தீயணைப்பாளர்களும் வண்டி ஓட்டுநர்களும் தேர்ந்தெடுத்து அனுப்பும் சில இடங்களும் வேண்டும், வாக்குரிமையோடு.