மம்பட்டிப் பிடி ஆடினால் விட்டுவைப்பீங்களா?

சத்தியமங்கலம் பகுதியில் மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு 3 மணிக்கே பொழுது விடிந்துவிடும். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மூட்டை கட்டி மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். மொட்டு விரிந்துவிட்டால் விலை கிடைக்காது. இந்த ஓட்டத்தில் விவசாயியின் கூடவே ஓடுவது அவருடைய பைக்தான். மாட்டுக்குத் தவிடு, மோட்டாருக்கு ஃபியூஸ், தோட்டத்துக்கு உர மூட்டை, பேத்திக்கு மிட்டாய் எல்லாமே அதில்தான் வரும்.

கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கும் 58 வயது விவசாயியிடமும் அப்படி ஒரு பைக் இருக்கிறது. 100 சி.சி. வண்டி. வாங்கி 9 வருடம் ஆகிறது. ஆயில் மாற்றுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது என எதிலும் அவர் குறை வைத்ததில்லை. ஆனால், தினமும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போகும் ஹேண்டில்பார் கிரிப்பை மட்டும் அவர் கண்டுகொள்ளவே இல்லை.

ஒட்டுப் போட்ட கைப்பிடி

முதலில் வலது பக்க கிரிப்பில் இருந்த வரிகள் தேய்ந்து வழுவழுப்பாயின. பிறகு ரப்பர் பிசுபிசுக்க ஆரம்பித்தது. நாளெல்லாம் வெயிலில் நிற்கிற வண்டி. வியர்வை, ஆயில், மண் எல்லாம் படிந்த கை. கோடையில் ஓட்டிவிட்டுக் கையை எடுத்தால் உள்ளங்கையில் கறுப்பு ஒட்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி அதன்மேல் சுற்றினார். ஒரு மாதத்தில் அது அவிழ்ந்தது. அடுத்து, சந்தையில் பஞ்சு உறை ஒரு ஜோடி வாங்கிப் பழைய கிரிப்பின் மேலேயே ஏற்றிவிட்டார்.

பிடிப்பதற்கு மெத்தென்று இருந்தது. பனியிலோ வியர்வையிலோ நனைந்தால் மட்டும் உறை மெல்ல உள்பக்கமாக நகரும். அவர் போகிற போக்கில் இழுத்துவிட்டுக்கொள்வார்.

"ஏனுங்க, அதைத்தான் மாத்திப்போடக் கூடாதா? போறப்ப வர்றப்ப எல்லாம் அதையே இழுத்துக்கிட்டு இருக்கறீங்க" என்று மனைவி இரண்டு முறை சொன்னார்.

"வண்டி ஓடுதில்ல புள்ள, அப்பறம் பாத்துக்கலாம்" என்பதே பதில். பூ சீசன் முடியட்டும் என்று தள்ளினார். சீசன் முடிந்ததும் கவாத்து வேலை வந்தது. அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

வாய்க்கால் பாலத்தில் அந்த அரை நிமிடம்

போன கோடையில் ஒரு நாள். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பூ மூட்டை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு மூட்டை. ஏலத்துக்கு நேரமாகிவிட்டதால் கொஞ்சம் வேகமாகவே போனார். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ரோடு சட்டென்று இடது பக்கம் வளையும். தினமும் செய்வதுபோல ஆக்சிலரேட்டரை விட்டார். வண்டி வேகம் குறையவில்லை.

ஈரத்தில் நகர்ந்த பஞ்சு உறை, சுவிட்ச் பெட்டிக்கும் கிரிப்புக்கும் நடுவில் போய் இறுகிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் ஆக்சிலரேட்டர் திரும்பாமல் திறந்தபடியே நின்றது. பிரேக்கை மிதித்தார். வண்டி திமிறியதே தவிர நிற்கவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நேராக வந்தது. அந்த நொடியில்தான் இடது கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. இன்ஜின் அலறியது, ஆனால் சக்கரத்துக்கு இழுவை போகவில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்ததும், சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி சாய்ந்து நின்றது. நடுங்கும் கையால் சாவியை அணைத்தார்.

மனைவிக்கு முழங்கையில் சிராய்ப்பு. பூ பாதிக்கு மேல் ரோட்டில் கொட்டிவிட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு மொட்டாகப் பொறுக்கி மூட்டையில் போட்டார். "திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. அவ பேசாம பூப் பொறுக்குனதுதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்கிறார் அவர்.

மெக்கானிக் கேட்ட கேள்வி

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். உள்ளூர்ப் பையன்தான். பஞ்சு உறையைப் பிடுங்கி எடுத்தவன், கிரிப்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அது குழாயோடு ஒட்டாமல் தனியாகச் சுற்றியது.

"மாமா, மம்பட்டிப் புடி ஆடுச்சுன்னா ஒரு நாள் அப்படியே விட்டுவைப்பீங்களா?"

"எப்படித் தம்பி விடறது? வீசுறப்ப தகடு கழண்டு கால்ல வந்து விழுந்துருமல்ல?"

"இதுவும் அப்படித்தானுங்க. அதையாவது நின்ன எடத்துல வீசுறீங்க. இதைப் புடிச்சுக்கிட்டு அத்தையையும் ஏத்திக்கிட்டு 50, 60 வேகத்துல போறீங்க."

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஆப்பு தளர்ந்த மம்பட்டியோடு ஒரு நாளும் காட்டுக்குள் இறங்காத மனிதர் அவர்.

அடுத்து நடந்ததுதான் அவரை இன்னும் உலுக்கியது. கழற்றிய பஞ்சு உறையைக் கையில் வைத்திருந்த பையன், முகத்தைச் சுளித்தபடி அதை அவரிடம் நீட்டினான். மருந்து வாசம். மொட்டுப்புழுவுக்கும் சிலந்திக்கும் மருந்து அடித்துவிட்டு, அதே கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது அவருடைய வழக்கம். வீட்டுக்கு வந்துதான் சோப்புப் போட்டுக் கழுவுவார். வரும் வழியெல்லாம் அந்தக் கை பிடித்திருந்தது இந்தப் பஞ்சைத்தான். பஞ்சு ஈரத்தைக் குடிக்கும், குடித்ததை வைத்துக்கொள்ளும்.

லீவுக்கு வந்திருக்கும் 4 வயதுப் பேத்தி, சாயங்காலம் ஆனால் "அப்புச்சி, ரவுண்டு" என்று டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவர் கைக்குப் பக்கத்திலேயே இரண்டு கையாலும் அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொள்வாள். கடை முன்னால் இறங்கியதும் மிட்டாய் வாங்கி, அதே விரல்களால் வாயில் போட்டுக்கொள்வாள். இதை நினைத்துப் பார்த்ததும் வெயிலிலும் உடம்பு சிலிர்த்தது என்கிறார்.

மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரமாக ஒரு நிற அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை இருந்தாலும் நஞ்சு நஞ்சுதான். "டப்பாவைப் பேத்திக்கு எட்டாம பரண்மேல பூட்டி வெச்சிருந்தேன். கைப்பிடியில அவளுக்கு நானே தடவிக் குடுத்துட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது.

கிரிப் மாற்றிய விதம்

புது கிரிப் ஒரு ஜோடி 200 ரூபாய்க்குள் முடிந்தது. பஞ்சு வேண்டாம், வரி போட்ட கெட்டி ரப்பரே போதும் என்று கேட்டு வாங்கினார். ஜோடியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. இடது கிரிப் நேராக ஹேண்டில்பார் மேல் ஏறும். வலது கிரிப், பார் மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் குழாயின் மேல் ஏறுவதால் அதன் துளை சற்றுப் பெரியது. மாற்றிப் போட்டால் ஒன்று ஏறாது, இன்னொன்று நிற்காது.

இடது பக்கத்தைப் பையன் பஞ்சர் கடைக் காற்றை வைத்தே எடுத்தான். கிரிப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காற்றை விட்டதும் ரப்பர் உப்பி, தானாக நழுவி வந்தது. வலது பக்கத்தைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தான். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் கீறல் விழாதபடி பொறுமையாகச் செய்தான். இடது பாரில் துரு பிடித்திருந்தது. அதை எமரி தாளால் தேய்த்து, துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்துத் துடைத்தான். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இல்லையே என்று ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

புது கிரிப் ஏற முரண்டு பிடித்தது. "கொஞ்சம் தேங்காண்ணெய் தடவட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க மாமா. எண்ணெய் போட்டா உள்ள போறதும் சுளுவு, நாளைக்கு வெளிய வர்றதும் சுளுவு."

ரப்பர் ஒட்டும் பசையை மெல்லியதாகத் தடவி, காய்வதற்குள் திருகியபடியே ஒரே தள்ளாகத் தள்ளினான். வலது பக்கம் பசை குழாய்க்கு உள்ளே கசியாமல் பார்த்துக்கொண்டான். கசிந்தால் ஆக்சிலரேட்டரே ஒட்டிக்கொள்ளும். கிரிப்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டான். வெளி முனையிலும் எதுவும் உரசவில்லை என்று பார்த்தான்.

கடைசியாக, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை முறுக்கிக் கையை விட்டான். 'டப்' என்று திரும்பி நின்றது. வலது பக்கம் திருப்பியும் அதேபோலப் பார்த்தான். "இந்தச் சத்தம் வரலைன்னா வண்டியை எடுக்கவே கூடாதுங்க மாமா. கேபிளா இருக்கலாம், குழாயில அழுக்கா இருக்கலாம். எதுவா இருந்தாலும் பாத்துட்டுத்தான் எடுக்கணும்" என்றான்.

பசை நன்றாகக் காய வேண்டும் என்று வண்டியை ராத்திரி கடையிலேயே விடச் சொன்னான். அடுத்த நாள் பூ, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வேனில் போனது.

தோட்டத்திலேயே ஒரு சோப்பு

இப்போது தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்கின்றன. மருந்து அடிக்கும்போது கையுறை போடுகிறார். அடித்து முடித்ததும், கையுறையோடு சேர்த்துக் கையைக் கழுவி, பிறகு கையுறையைக் கழற்றி, மறுபடியும் வெறும் கையைக் கழுவிய பிறகுதான் வண்டிச் சாவியைத் தொடுகிறார். வாரத்துக்கு ஒரு முறை கிரிப்பையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைக்கிறார். கெட்டி ரப்பர் என்பதால் துடைப்பது சுலபம்.

அவரைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. கிரிப் தனியாகச் சுற்றுகிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா, கையில் கறுப்பு ஒட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பழையதன் மேல் உறை, டியூப், துணி எதுவும் சுற்றக் கூடாது. ஓடும்போது ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் முதலில் கிளட்ச், உடனே இரண்டு பிரேக், வண்டி நின்றதும் சாவி. இதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் ஒரு முறை சொல்லிவைப்பது நல்லது.

பேத்தி லீவு முடிந்து ஊருக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு ரவுண்டு கேட்டாள். டேங்க் மேல் உட்கார்ந்தவள், புது கிரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, மெத்துமெத்துன்னு இருந்தது எங்க?" என்றாள்.

"அது கெட்டுப்போச்சு கண்ணு" என்றார்.

கிக்கரை உதைப்பதற்கு முன்னால் ஆக்சிலரேட்டரை ஒரு முறை முறுக்கிவிட்டு, காது கொடுத்துக் கேட்டார். 'டப்.' காட்டுக்குள் இறங்கும்போது மம்பட்டியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாரே, அதேபோல இதுவும் இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.