ஓர் இலக்கத்தின் தொலைவு

நிலத்தில் வழி தவறியவர் சற்றே நின்று எதிர்ப்படுவோரை வினவலாம். கடலில் வழி தவறிய கலம் நங்கூரம் பாய்ச்சி விடியலுக்குக் காத்திருக்கலாம். வானில் செல்லும் ஊர்திக்கோ நிற்பதற்கு இடமில்லை. ஆதலால் வழி குறித்த ஐயங்கள் அனைத்தும் அதன் சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே தீர்க்கப்படவேண்டும். பயணிகள் இருக்கையில் அமர்ந்து வார்ப்பட்டையைப் பூட்டிக்கொள்ளும் அந்த வேளையில், முன்னறையில் இரண்டு விமானிகள் செய்யும் பணி பெரும்பாலும் எண்களோடு செய்யும் பணியே ஆகும்.

செல்லவேண்டிய பாதையின் புள்ளிகளை ஒருவர் கணினியில் உள்ளிடுவார். மற்றொருவர் அவற்றைத் தாளில் உள்ள பயணத் திட்டத்தோடு ஒப்பிடுவார். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவு, திசை, மொத்தத் தொலைவு ஆகியன இரண்டிலும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள். உலகெங்கும் வான்வழித் தரவுகள் 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன; கணினியில் இருப்பது நடப்புக் காலத்திற்கு உரியதுதானா என்பதையும் உறுதி செய்வார்கள். வெளியிலிருந்து காண்போர்க்கு இது சலிப்பூட்டும் சடங்காகத் தோன்றலாம். ஆயினும் அச்சடங்கில் நேரும் சிறு சறுக்கல் எத்துணைத் தொலைவுக்கு இட்டுச்செல்லும் என்பதை இரண்டு நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

2015ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து கோலாலம்பூர் செல்வதற்கு ஏர்பஸ் ஏ330 வகை விமானம் ஒன்று ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. வழக்கமாகத் துணை விமானி முன்னறையில் ஆயத்தப் பணிகளைச் செய்வார். தலைமை விமானி வெளியே சென்று விமானத்தைச் சுற்றிப் பார்ப்பார். அன்று தலைமை விமானிக்குரிய காதுக் காப்பு கிடைக்கவில்லை. எனவே இருவரும் பணிகளை மாற்றிக்கொண்டனர். விமானம் நிற்கும் இடத்தின் ஆயங்களைத் தலைமை விமானியே உள்ளிட்டார். அந்த இடத்தின் தீர்க்கக்கோடு 151 பாகை 9.8 நிமிடம் கிழக்கு. விசைப்பலகையில் 15109.8 என்று அழுத்தியிருக்கவேண்டும். அழுத்தப்பட்டதோ 01519.8. அதாவது 15 பாகை 19.8 நிமிடம் கிழக்கு. சிட்னியில் நின்றிருந்த விமானம், ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருப்பதாகத் தன்னை எண்ணிக்கொண்டது. இரண்டிற்கும் இடையிலான தொலைவு 11,000 கிலோமீட்டருக்கும் மேல்.

இவ்வளவு பெரிய பிழையை அத்துணை நுட்பமான கருவிகள் ஏன் தடுக்கவில்லை? விமானத்தில் மூன்று நிலைமக் கருவிகள் உள்ளன. முடுக்கத்தையும் திருப்பத்தையும் இடைவிடாமல் அளந்து, 'புறப்பட்ட இடத்திலிருந்து இத்தனை தொலைவு, இந்தத் திசையில்' என்று அவை கணக்கிடுகின்றன. புறப்பட்ட இடம் எது என்பதை மனிதரோ வேறொரு கருவியோ அவற்றுக்குச் சொல்லவேண்டும். புவி சுழலும் விதத்தை உணர்ந்து தாம் எந்த அட்சக்கோட்டில் நிற்கிறோம் என்பதை அவை தாமே அறிந்துகொள்ளும். தீர்க்கக்கோட்டை அவ்வாறு அறிய இயலாது. அன்று பிழைபட்டது தீர்க்கக்கோடுதான். ஒன்று தவறினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும் என்பதற்காகவே கருவிகள் மூன்றாக வைக்கப்பட்டுள்ளன. ஆனால் மூன்றுக்கும் ஒரே தவறான எண் ஊட்டப்பட்டபோது மூன்றும் ஒருமித்தே பொய் கூறின. செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தைத் தானே பெற்றுக்கொள்ளும் மேம்பட்ட அமைப்பு அந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

பிழையைக் கண்டறியும் வாய்ப்புகள் புறப்படும் முன்பே பலமுறை வந்தன, ஒவ்வொன்றும் நழுவியது. விமானம் மேலெழுந்து தானியங்கி பொறுப்பேற்றதும், பக்கத்து ஓடுதளத்தின் புறப்பாட்டுப் பாதையை நோக்கி இடப்பக்கம் திரும்பியது. அப்போதுதான் ஏதோ தவறு நேர்ந்திருப்பதை விமானிகள் உணர்ந்தனர். அதனைச் சரிசெய்யப் பறந்துகொண்டே அவர்கள் மேற்கொண்ட முயற்சிகள் வேறு சில அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தன. சிட்னிக்குத் திரும்பலாம் என்றால் அங்கே முகில் தாழ்ந்திருந்தது. கருவிகளின் துணையின்றி இறங்க வழியில்லை. இறுதியில் கட்டுப்பாட்டாளர்கள் வானொலி வழியே திசை சொல்ல, வானம் தெளிந்திருந்த மெல்போர்னுக்குச் சென்று விமானம் தரையிறங்கியது. எவருக்கும் ஊறு நேரவில்லை. தரையில் ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடிய எண், வானில் ஒரு பயணத்தையே திசைமாற்றியது.

சிட்னியில் எண்ணைத் தவறாக அழுத்தியதால் பிழை நேர்ந்தது. எண்ணைச் சரியாக அழுத்தியும் பேரிடர் நேர்ந்த வரலாறு ஒன்று உண்டு. 1979ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து அண்டார்க்டிகாவைச் சுற்றிக்காட்டுவதற்காக டிசி-10 விமானம் ஒன்று புறப்பட்டது. 19 நாள்களுக்கு முன் விமானிகளுக்கு விளக்கப்பட்ட பாதை, மெக்மர்டோ நீரிணையின் உறைந்த, தட்டையான பரப்பின்மேல் செல்வது. அந்தப் பாதையே முன்னர் நேர்ந்த ஒரு தட்டச்சுப் பிழையால் உண்டானது. பயண நாளின் விடியற்காலையில் அலுவலர்கள் அதனைத் திருத்தினர். இறுதிப் புள்ளி இரண்டு பாகைக்குச் சற்று மேல் கிழக்கே நகர்ந்தது. தரையில் அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். புதிய பாதை 3,794 மீட்டர் உயரமுள்ள எரபஸ் எரிமலையின் மீது சென்றது. இம்மாற்றத்தை விமானிகளிடம் ஒருவரும் கூறவில்லை. கொடுக்கப்பட்ட எண்களை அவர்கள் பிழையின்றி உள்ளிட்டனர். வெண்பனியும் வெண்முகிலும் ஒன்றாய்த் தோன்றிய அவ்வொளியில் எதிரே நின்ற மலை கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானத்திலிருந்த 257 பேரும் மாண்டனர்.

முதலில் வந்த அறிக்கை விமானிகள்மீதே பழி சுமத்தியது. 1981இல் நீதியரசர் பீட்டர் மேகன் தலைமையிலான ஆணையம், பாதையை மாற்றிவிட்டு அதனை விமானிகளுக்கு அறிவிக்காததே முதன்மைக் காரணம் என்று கண்டது. விபத்து நேர்ந்து 40 ஆண்டுகள் கழித்து, 2019இல், நியூசிலாந்து அரசு மாண்டோரின் குடும்பத்தாரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. பிழையைத் திருத்தியவரின் எண்ணம் நல்லதே. திருத்திய எண்ணும் சரியானதே. அம்மாற்றத்தை உரியவரிடம் சொல்லும் ஒரு சொல் மட்டுமே அங்கே விடுபட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் சுட்டும் உண்மை ஒன்றே. எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை நம்பிச் செல்வோர் அனைவரும் அதே எண்ணை அறிந்திருக்கவேண்டும். 'இது சரிதானா?' என்று துணை விமானி கேட்கும்போது தலைமை விமானி சினம்கொள்ளாதிருத்தலும் பாதுகாப்பின் ஒரு கூறே. பல்லாயிரம் மணிநேரம் பறந்தவரின் விரலும் ஓர் இலக்கத்தை இடம் மாற்றி அழுத்தக்கூடும். அதனைக் கண்டு சொல்பவர் அவருடைய அனுபவத்தை இழிவுபடுத்துவதில்லை. அவரையும் அவர்பின் அமர்ந்திருக்கும் அனைவரையும் காக்கிறார்.

கணினியும் தாளும் முரண்படும்போது தேர்ந்த விமானிகள் ஓடுதளத்தை நோக்கி நகர்வதில்லை. கட்டுப்பாட்டாளரிடம் கால நீட்டிப்புக் கேட்கின்றனர். பாதையை முதற்புள்ளியிலிருந்து மீண்டும் படிக்கின்றனர். தேவையெனில் நிறுத்துமிடத்துக்கே திரும்புகின்றனர். பின்னிருக்கைகளில் சிலர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கலாம். அவர்கள் அறியாத ஓர் எண்ணை இருவர் மறுமுறை படித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள், அப்பயணத்தில் வீணாகாத நிமிடங்களாகும்.