இது யாருடா?

"அக்கா கலரைக் கொஞ்சம் ஏத்திவிடுடா!" - அம்மாவின் ஆர்டர். ஜாதகத்தோட போட்டோவும் போகணுமாம். காலேஜ்ல போட்டோஷாப் கத்துக்கிட்ட கெத்து நமக்கு. விடுவோமா?

மொட்டைமாடியில் எடுத்த படம். பின்னால் பளீர் வானம். அக்கா முகத்தில் இருட்டு. 'கர்வ்ஸ்' கோட்டை ஒரே இழுவை! முகம் வெள்ளையடிச்ச சுவர் மாதிரி ஆச்சு. கன்னத்து மச்சமும் 'க்ளோன் ஸ்டாம்ப்'பில் காலி. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினேன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. அக்கா மட்டும் மெதுவா கேட்டா... "இது யாருடா? பொண்ணு பார்க்க வர்றவங்க இவளைத் தேடினா, நான் எங்கே போய் நிக்கிறது?"

சுருக்குன்னு இருந்துச்சு.

ராத்திரி ஒரிஜினலைத் திறந்தேன். சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 255 வரை படிகள். கேமரா வானத்து வெளிச்சத்துக்கு அளவு பார்த்ததால, அக்கா முகம் கீழ்ப்படிகள்ல சிக்கிக் கிடந்தது. ஒரிஜினல் மேல கை வைக்காம, 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' போட்டு, 'மாஸ்க்' வெச்சு முகத்து நிழலை மட்டும் தூக்கினேன். நேர்ல பார்க்கிற நிறம் வந்ததும் ஸ்டாப்! மச்சம் அதே இடத்துல பத்திரமா இருந்துச்சு.

"இப்பதான்டா நான்!" - அக்கா சிரிச்சா. ஜாதகத்தோட அந்தப் படம்தான் போச்சு.

கேமரா பண்ணின தப்பைத் திருத்தலாம் பாஸ். அக்கா முகத்துல தப்பே இல்லையே!