வழியில் தங்கிய கரு

கரு தங்குவதற்கென அமைந்த இடம் கருப்பை. சினைமுட்டை கருவுற்றதும் கருக்குழாய் வழியே சில நாட்கள் நகர்ந்து அங்கே வந்து சேர வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு கருக்கள் அவ்வாறு வந்து சேர்வதில்லை. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை குழாயிலேயே தங்கிவிடுகின்றன. கருப்பையைப் போல் விரிந்து கொடுக்கும் இயல்பு குழாய்க்கு இல்லை. கவனிக்காமல் விட்டால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அது வெடித்துவிடக்கூடும். வெடித்தால் குருதி வயிற்றுக்குள்ளேயே பெருகும். சில மணி நேரத்தில் உயிரும் பிரியலாம்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கொர்தோவா மருத்துவமேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஒரு பெண்ணின் தொப்புளருகே எழுந்த கட்டி உடைந்து, இறந்த சிசுவின் எலும்புகள் வெளிவந்ததைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் எழுதியுள்ளார். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைப் பற்றிய முதற்குறிப்பு இதுவென்பர். அப்பெண் பிழைத்தது அரிதினும் அரிது. 1883இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் லாசன் டெய்ட் என்னும் மருத்துவர், வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றிய பின்னரே உலகுக்கு வழி பிறந்தது. இன்றோ இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் குழாய் வெடிக்குமுன்னரே காட்டிக்கொடுக்கின்றன. தொடக்கத்திலேயே அறிந்தால் பலருக்கு ஊசிமருந்தே போதுமானதாகிறது.

இத்தனை இருந்தும் பெண்கள் ஏன் இறக்கிறார்கள்? நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில், ஒரு ரமலானில் நடந்ததைச் சொல்வோம். மணமாகிச் சில மாதங்களேயான மருமகள் அஸர் நேரத்தில் மயங்கி விழுந்தாள். நோன்புக் களைப்பு என்றனர் எல்லோரும். அடிவயிற்றில் ஒருபக்க வலி, தோள்பட்டையிலும் வலி. சுக்குக் கஷாயம் கொதித்தது. அவளுடைய பெத்தும்மா மட்டும் அருகமர்ந்து, “நீ இன்னைக்கு நோன்பாம்மா?” எனக் காதோடு கேட்டார். அவள் நோன்பாளியே அல்லள். நான்கு நாட்களாகச் சிறிது உதிரம் பட்டதை மாதவிலக்கென்று எண்ணி நோன்பை விட்டவள், ஆண்கள் நிறைந்த வீட்டில் அதை வெளிக்காட்ட நாணியிருந்தாள். மாதக்கணக்கு தள்ளிப்போயிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவே அறுவை நடந்தது. குழாய் ஒன்றை இழந்தாள், உயிர் தங்கிற்று. மற்றக் குழாயின் துணையால் பின்னர் தாயும் ஆனாள்.

வயிற்றில் தேங்கும் குருதி உதரவிதானத்தை உறுத்தும்போது தோளில் வலிக்கும் என்பதை எத்தனை வீடுகள் அறியும்? குழாயில் தங்கிய கருவைக் கருப்பைக்கு மாற்ற எந்த மருத்துவத்தாலும் இயலாது. பிள்ளையாவது தங்கட்டும் எனக் காத்திருப்போர் தாயையும் இழப்பர். குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவருக்கும் இது நேரக்கூடும். ஆகவே, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் அடிவயிற்று வலியோடு மயங்கினால், கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு அந்நேரமே அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழியில் மாதக்கணக்கைக் கேளுங்கள். அவள் கூச்சமின்றிச் சொல்லும்படி கேளுங்கள்.