கரம்பை அடிக்க வேண்டும், தம்பி

அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. குளம் வற்றிவிட்டது. கார் பருவ நடவுக்கு முன்னால் அதன் அடியில் படிந்த கரம்பை மண்ணை வயலுக்கு அடித்துவிடலாம் என்றேன். "டிராக்டர் வாடகைக்கு இன்னும் ரெண்டு மூட்டை உரம் வாங்கலாமே" என்றாய். அது போனில் பேசித் தீருகிற விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வயலின் மேட்டுப் பாத்தி ஆற்றோரத்து மணற்பாங்கு. கட்டின தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது, போட்ட யூரியாவும் அதோடு போகிறது. எத்தனை மூட்டை போட்டாலும் இந்தக் குறை தீராது. ஓடுகிற தண்ணீரில் மணல் முதலிலேயே இறங்கிவிடும். பொடிக்களி மட்டும் மிதந்து வந்து, தண்ணீர் அசையாமல் நிற்கிற குளத்தில் படியும். மக்கின இலைதழையும் சேர்ந்த அந்தக் கரம்பைதான் ஈரத்தையும் உரத்தையும் வேரடியில் பிடித்து வைக்கும்.

இந்த மண்ணின் பலத்தைக் கொற்கையில் பார்க்கலாம். பாண்டியரின் முத்துத்துறை அது. தாமிரபரணி கொண்டுபோய்ச் சேர்த்த வண்டலால் கடல் விலகிப் போக, துறைமுகம் காயலுக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சொன்ன காயல் அதுதான். அங்கேயும் வண்டல் விடவில்லை; இன்று பழையகாயல் என்கிற அந்த ஊரும் கடற்கரையில் இல்லை. கொற்கையோ கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. பாதிரியார் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்து 1877இல் எழுதியிருக்கிறார். நம் பொதிகையிலிருந்து இறங்கின மண் தம்பி, கடலையே தள்ளியிருக்கிறது!

அந்த வண்டல் வரத்து இப்போது குறைந்துவிட்டது. 1940களில் காரையாற்று அணை வந்தது, 1950களின் கடைசியில் மணிமுத்தாறு. அணைகளுக்கு மேலே கரைகிற மண்ணில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் நம் குளத்தில் படிந்திருப்பதை விட மனசு வரவில்லை. எடுத்தால் குளமும் ஆழமாகும், பிசானப் பருவத்துக்குக் கூடுதல் தண்ணீர் நிற்கும். அப்பா கோடைதோறும் மாட்டு வண்டியில் அடித்தது இதற்காகத்தான்.

விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இந்த மண்ணை இலவசமாகவே எடுக்கலாம். தாசில்தாரிடம் மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டாமல் உள்ளே தள்ளி எடுக்கச் சொல்கிறேன். மேட்டுப் பாத்திக்கு மட்டும் இந்த வருஷம் போதும். கீழ்ப் பாத்தி ஏற்கெனவே களி, அதற்குத் தேவையில்லை.

மனுவோடு வைக்கச் சிட்டா, அடங்கல் நகல் உன்னிடம்தான் இருக்கிறது. இந்த வாரமே அனுப்பிவிடு. வாடகையில் பாதி என் பங்கு.

அன்புடன்,
அக்கா