பணத்தின் ஆயுளுக்கு ஏற்ற சார்ட்

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. ஐந்து நிமிடச் சார்ட்டில் அந்த ஒரு நாள் 75 கேண்டில்கள். நாள் சார்ட்டில் ஒரே கேண்டில். மாதச் சார்ட்டில் ஏறக்குறைய இருபது நாட்கள் சேர்ந்தால்தான் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் சாப்பாட்டு நேரத்தில் செல்போனும் கையுமாக இருக்கும் தம்பி தங்கைகளில் பலர் பார்ப்பது அந்த 75-ஐத்தான்.

கட்டிங்கில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. தோலை முழுதாக விரித்து, உறுதியான முதுகுப் பக்கம் எது, இழுத்தால் நீளும் வயிற்றுப் பக்கம் எது என்று பார்த்த பிறகுதான் டையை வைக்கிறீர்கள். சார்ட்டிலும் வரிசை அதுதான். திசை என்ன என்பதை வாரம், மாதத்தில் பாருங்கள். எந்த விலைப் பக்கம் வாங்கலாம் என்பதை நாள் சார்ட் சொல்லும். நுழையும் நேரத்துக்கும் ஸ்டாப் லாஸ் வைக்கும் இடத்துக்கும் மட்டும் 15 நிமிடச் சார்ட் போதும். விலை ஒரே சமயத்தில் மூன்று விதமாக நகர்கிறது, ஆண்டுக்கணக்கில் ஒன்று, வாரக்கணக்கில் ஒன்று, நாள்கணக்கில் ஒன்று என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே சார்லஸ் டோவின் கோட்பாடு சொல்லிவிட்டது. 1980-களில் அலெக்சாண்டர் எல்டர் அதையே மூன்று திரை முறையாக வகுத்தார்.

இதை நான் படித்தது டாலர் சார்ட்டில். ஷூ ஏற்றுமதிக் கணக்கு பார்த்தவனுக்கு டாலர் ரேட்தான் சந்தை. 2007 தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு முடிவில் 39 பக்கம் வந்துவிட்டது. பையரிடம் டாலரில் பேசி முடித்த விலைக்கு வரவு சுருங்கியது. கூலியும் கரண்ட் பில்லும் ரூபாயில் அப்படியே நின்றன. 2013-இல் இதற்கு நேர்மாறு. மே தொடக்கத்தில் 54 பக்கம் இருந்தது, ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. எழுபது வரட்டும் என்று, பார்வர்டு போட்டு ரேட்டை முன்கூட்டியே உறுதி செய்யாமல் காத்திருந்தவர்களுக்கு, செப்டம்பர் முடிவில் கிடைத்தது 62, 63 ரூபாய்.

எழுபது வராமல் போகவில்லை. 2018 ஆகஸ்டில் வந்தது. மாதச் சார்ட் சொன்னது சரிதான். ஆனால் ஏற்றுமதிப் பில்லின் ஆயுள் சில மாதங்கள். தோல்காரருக்கும் தொழிலாளிக்கும் ஐந்து வருடம் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஐந்து நிமிடச் சார்ட்டும் ஏற்றுமதியாளருக்கு உதவாது, பத்து வருடச் சார்ட்டும் உதவாது. கையில் இருக்கும் பணத்துக்கு எவ்வளவு நாள் ஆயுளோ, அந்த அளவுச் சார்ட்டில்தான் முடிவு எடுக்க வேண்டும். அதற்கு மேலே ஒன்றைத் திசைக்காகவும், கீழே ஒன்றை நேரத்துக்காகவும் பார்க்கலாம். பல கால அளவுச் சார்ட் என்பதில் நான் கண்ட சாரம் இவ்வளவுதான்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி 24,000-ஐத் தாண்டியது. இன்று மாதச் சார்ட்டைத் திறந்தால் அந்த ஜூன், கீழே நீண்ட வால் உள்ள ஒரு பச்சைக் கேண்டில், அவ்வளவுதான். சொந்தப் பணத்தில் பங்கு வாங்கி வைத்திருந்தவர் அதைத் தாங்கினார். முதல் நாள் கால் ஆப்ஷன் வாங்கியவருக்கு அந்த மாதக் கேண்டிலால் என்ன பயன்? அந்த வார வியாழக்கிழமை எக்ஸ்பைரியோடு அவர் கணக்கு முடிந்துபோனது.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு பழக்கம். ஐந்து நிமிடச் சார்ட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். விழுந்ததும் ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டு நாள் சார்ட்டுக்குப் போகிறார்கள். இன்னும் விழுந்தால் வாரச் சார்ட். கடைசியில், இது லாங் டேர்ம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தனக்குப் பிடித்த பதில் கிடைக்கும் வரை சார்ட்டை மாற்றுவது ஆராய்ச்சி ஆகாது. எந்தச் சார்ட்டைப் பார்த்து வாங்கினீர்களோ, அது பொய்த்த இடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் லாபம் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. ஷூ கம்பெனிச் சம்பளத்தில் 2 லட்சம் என்றால் எத்தனை மாத உழைப்பு என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தை மூடியிருக்கும்போது, வாரச் சார்ட்டையும் மாதச் சார்ட்டையும் நிதானமாகப் பாருங்கள். அடுத்த முறை வாங்கும் முன், எந்தச் சார்ட், எத்தனை நாள், எந்த விலையில் வெளியேறுவது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். லோன் ஆப்பில் எடுத்த பணத்தையும் பி.எஃப். பணத்தையும் தயவுசெய்து ஆப்ஷனில் போடாதீர்கள்.